மணவாளக்குறிச்சி மணலும் கிழடாகும் செல்லும்

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் வீட்டு ஷோகேஸில் தேடினால் ஒரு சின்ன பாக்கெட் கிடைக்கும். கறுப்பு, சிவப்பு, வெளிர் மஞ்சள் என்று அடுக்கடுக்காக நிரப்பிய மணல். விற்பவர்கள் அதற்கு ஒரு கதையும் சேர்த்தே கொடுப்பார்கள். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரி அம்மனுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. ராத்திரியிலேயே முகூர்த்தம். ஆனால் பாணாசுரனுக்கு ஒரு கன்னியின் கையால்தான் சாவு. கல்யாணம் நடந்துவிட்டால் அசுரனைக் கொல்ல ஆள் இல்லை. நாரதர் சேவல் மாதிரி கூவிவிடுகிறார். விடிந்துவிட்டது என்று நினைத்த மாப்பிள்ளை வழியிலேயே திரும்பிவிடுகிறார். சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் கடற்கரை மணலாகிப் போயின. அம்மன் இன்றைக்கும் கன்னிதான். வயதே ஆகாத கன்னி.

கதை அப்படி. வேதியியல் வேறு மாதிரி சொல்கிறது. கறுப்பாக இருப்பது இல்மனைட். சிவப்பு கார்னெட். இவற்றோடு கலந்து மஞ்சளும் பழுப்புமாக மினுங்கும் இன்னொரு மணி இந்தக் கடற்கரையில் உண்டு. அதன் பெயர் மோனசைட். அதற்குள் இருக்கும் தோரியம் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. மேற்கே குளச்சல் பக்கம், மணவாளக்குறிச்சிக் கரையில் இது கொட்டிக் கிடக்கிறது.

கதிர்வீச்சு டி.என்.ஏ.வை உடைக்கும். உடைந்த டி.என்.ஏ. செல்லைக் கிழடாக்கும். இது பாடப்புத்தக உண்மை. அப்படியானால் வயதே ஆகாத அம்மனின் மணலில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களின் செல்கள் சீக்கிரம் கிழடாகின்றனவா? கேட்க எளிய கேள்விதான். பதிலைத் தேடியதற்கோ நூறு வருட வரலாறு இருக்கிறது.

தும்பில் ஒட்டி வந்த மணல்

1909. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியாகும் கயிறும் தேங்காய்த் தும்பும் ஐரோப்பாவில் இறங்கிக்கொண்டிருந்த காலம். தும்போடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மணலும் போயிற்று. ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த மணலில் மினுங்கும் துகள்களைப் பார்த்துச் சோதித்தார். மோனசைட்! எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்தவர் மணவாளக்குறிச்சியில் நின்றார். சீக்கிரமே அங்கு மணல் பிரிக்கும் ஆலை ஒன்றும் எழுந்தது.

ஒரு ஜெர்மன்காரருக்கு இந்த மணல்மேல் ஏன் அவ்வளவு ஆசை? காரணம் விளக்கு. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885-ல் கேஸ் மாண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த கலவைதான் சரியாக எரிகிறது என்று கண்டுபிடித்தார். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் லைட்டின் மாண்டில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஐரோப்பிய நகரங்களின் தெருக்களெல்லாம் மாண்டிலில் எரிந்தன. மாண்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அது பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது. வியாபாரம் ஜெர்மன் நிறுவனங்களின் பிடியில் இருந்தது.

சரக்கு ஒரே இடத்திலிருந்து வந்தால் விலை யார் கையில் என்பதை வணிகவியல் முதல் வருட மாணவரும் சொல்லிவிடுவார். அதை உடைக்கும் சரக்கு மணவாளக்குறிச்சியில் கிடந்தது. இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். பிரேசில் மணலைவிடத் தரம் கூடியது.

1914-ல் உலகப்போர் வந்தது. எதிரி நாட்டுக்காரரான ஷோம்பர்க் கைதாக, தொழில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. பிறகு மின்விளக்கு பரவி மாண்டில் சந்தை சுருங்கியது. ஆனால் மணலுக்கு மவுசு குறையவில்லை. 1920களில் இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை பெயிண்டுக்குத் தேவைப்பட்டது. 1945-ல் ஹிரோஷிமாவுக்குப் பிறகு மோனசைட்டின் மதிப்பே வேறாகிவிட்டது. தோரியம் இப்போது அணு எரிபொருளாகும் தாது. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தபோது, அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இந்த மணலும் இருந்தது என்று எழுதும் வரலாற்று ஆய்வாளர்கள் உண்டு.

சுதந்திர இந்தியா மணலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1948-ல் அணுசக்திச் சட்டம். 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம். 1952 டிசம்பரில் ஆலுவாயில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலையை நேரு தொடங்கி வைத்தார். 1960களில் மணவாளக்குறிச்சி, சவற ஆலைகளும் அதே நிறுவனத்தோடு சேர்ந்தன. இதற்கு நடுவே 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஒரே மணற்கரை இரண்டு மாநிலங்களில் பங்காயிற்று. கதையின் பின்பாதிக்கு இந்தப் பிரிவு முக்கியம். அதற்கு முன் செல்லின் கதையைப் பார்த்துவிடலாம்.

சாகாத கோழி இதயம்

மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளத் தொடங்கிய அதே காலத்தில், 1912-ல், நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் அலெக்சிஸ் கேரல் ஒரு கோழிக் குஞ்சின் இதயத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க ஆரம்பித்தார். அது பெருகிக்கொண்டே போனது. வருடங்கள் ஓடின. பத்திரிகைகள் அதன் பிறந்தநாளைக்கூட எழுதின. 1944-ல் கேரல் இறந்துவிட்டார். திசு 1946 வரை இருந்தது. கோழி இத்தனை காலம் வாழாது, ஆனால் அதன் செல் வாழ்கிறது! ஆகவே செல்லுக்குத் தனியாக முதுமை கிடையாது, உடம்பு என்ற கூட்டத்தில் சேரும்போதுதான் அது கிழடாகிறது என்று உலகம் நம்பியது. நோபல் பரிசு வாங்கியவர் சொன்னால் யார் மறுப்பது?

மறுத்தவர் பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் இருந்த லியனார்ட் ஹேஃப்ளிக் என்ற இளைஞர். அவர் வளர்த்த மனித செல்கள் ஏறத்தாழ 50 முறை பிளந்து இரட்டித்த பிறகு நின்றுவிட்டன. சாகவில்லை. உயிரோடுதான் இருந்தன, ஆனால் பெருக மறுத்தன. முதலில் தன் வளர்ப்பு முறையில் ஏதோ கோளாறு என்றுதான் அவரும் நினைத்தார். பிறகு பால் மூர்ஹெட்டோடு சேர்ந்து ஒரு அழகான சோதனை செய்தார். பலமுறை இரட்டித்துவிட்ட ஆணின் செல்களையும், குறைவாக இரட்டித்த பெண்ணின் செல்களையும் ஒரே குடுவையில் போட்டார். சாப்பாடு ஒன்று, சூழல் ஒன்று. கொஞ்ச நாளில் பார்த்தால் பெண்ணின் செல்கள் மட்டும்தான் மிச்சம். ஆக, கோளாறு குடுவையில் இல்லை. செல்லுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது. தன் வயது அதற்குத் தெரியும்!

முதலில் அனுப்பிய ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1961-ல் வேறொரு இதழில் அது வெளியானது. இன்று செல் முதுமை பற்றிப் பேசும் எந்தப் புத்தகமும் அந்த வருடத்தில்தான் தொடங்குகிறது. கேரலின் கோழி செல்? அதற்கு ஊட்டிய கருச் சாற்றோடு புதுச் செல்களும் சேர்ந்து போயிருக்கலாம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

இந்த ஆய்வு நம் ஊர்ப் பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது. ஹேஃப்ளிக் 1962-ல் உருவாக்கிய டபிள்யூ.ஐ.-38 என்ற செல் வரிசையில்தான் ருபெல்லா தடுப்பூசிக்கான ஆர்.ஏ. 27/3 வைரஸ் வகை பக்குவப்படுத்தப்பட்டது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் போட்ட தட்டம்மை-ருபெல்லா ஊசியில் இருந்தது அந்த வகைதான். கையைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஹேஃப்ளிக் என்று ஒருவர் இருப்பதே தெரிந்திருக்காது. அவர் 2024-ல் தன் 96-வது வயதில் காலமானார்.

தேய்மானக் கணக்கு

செல் எண்ணுகிறது, சரி. எதை வைத்து எண்ணுகிறது?

இங்கேதான் கதிர்வீச்சு மறுபடி கதைக்குள் வருகிறது. அமெரிக்க மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1927-ல் பழ ஈக்கள்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர்வீச்சு மரபணுவை மாற்றும் என்று நிரூபித்தவர். எக்ஸ் கதிர் பட்ட குரோமோசோம்கள் கண்டபடி உடைந்து, கண்டபடி ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் நுனிகள் மட்டும் வேறு எதோடும் போய் ஒட்டவில்லை. நுனியில் ஏதோ காப்பு இருக்கிறது என்று ஊகித்து 1938-ல் அதற்கு அவர் வைத்த பெயர் டெலோமியர். அதாவது செல் முதுமையின் முக்கியமான உறுப்புக்குப் பெயர் கிடைத்ததே கதிர்வீச்சுச் சோதனையில்தான்.

செருப்புக் கயிற்றின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பி போன்றது டெலோமியர். செல் பிளக்கும்போது டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் இயந்திரத்தால் கடைசி நுனி வரை எடுக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விட்டுப்போகும். 1971-ல் ரஷ்யாவின் அலெக்சி ஒலோவ்னிகோவ் இதை யோசித்து, ஹேஃப்ளிக் கண்ட எல்லைக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்றார். வணிகவியலில் தேய்மானம் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். எந்திரம் வாங்கிய நாள் முதல் வருடா வருடம் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே வருகிறோம். ஒரு கட்டத்தில் புத்தக மதிப்பு தீர்ந்துவிடும். எந்திரம் அப்போதும் ஷெட்டில் நிற்கும், ஆனால் கணக்கில் இல்லை. கிழட்டு செல்லும் அப்படித்தான்.

1978-ல் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் கேலும் குளத்து நீரில் வாழும் ஒரு செல் உயிரியில் டெலோமியரின் எழுத்து வரிசையைப் படித்தார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல் இருந்தது அது. 1984 கிறிஸ்துமஸ் நாளில் பிளாக்பர்னின் மாணவி கேரல் கிரைடர், தேய்ந்த நுனியை நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதியின் தடயத்தை ஆய்வகத்தில் பார்த்தார். 1990-ல் ஹார்லியும் கிரைடரும் உடன் இருந்தவர்களும் மனித செல்கள் வயதாக ஆக டெலோமியர் குறைவதைக் காட்டினார்கள். 1998-ல் மனித செல்லுக்குள் டெலோமரேஸைப் புகுத்தியபோது அது ஹேஃப்ளிக் எல்லையைத் தாண்டிப் போயிற்று. கணக்குப் புத்தகம் கையில் கிடைத்துவிட்டது.

ஆனால் தேய்மானம் மட்டுமே காரணம் இல்லை. எந்திரம் விபத்தில் சேதமானால் தேய்மானம் முடியும் வரை காத்திருப்பார்களா? அதே போல டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் உடைந்து, சரிசெய்ய முடியாமல் போனால், பி53 என்ற காவல் புரதம் செல்லை நிறுத்திவிடும். பி16 என்ற இன்னொரு புரதம் அந்த நிறுத்தத்தைப் பூட்டி வைக்கும். வேறு காரணங்களும் உண்டு. புற்றுநோயைத் தூண்டும் மரபணு விழித்துக்கொண்டாலும் செல் இப்படி நின்றுவிடும் என்று 1997-ல் தெரியவந்தது.

காவலனா, கேடா?

இவ்வளவும் படித்தால் கிழட்டு செல் பாவப்பட்ட ஒன்று என்று தோன்றும். உண்மையில் அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. டி.என்.ஏ. கெட்டுப்போன செல் பெருகிக்கொண்டே போனால் அதற்குப் பெயர் புற்றுநோய். பெருகாமல் நின்றுவிட்டால் ஆபத்து அங்கேயே முடிந்தது. காயம் ஆறுவதற்கும் கிழட்டு செல் உதவுகிறது என்று 2014-ல் எலிகளில் காட்டினார்கள். கருவில் பிள்ளை உருவாகும்போதுகூடச் சில இடங்களில் இத்தகைய செல்கள் தோன்றி மறைகின்றன.

சிக்கல், வேலை முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. இளம் வயதில் நோய் எதிர்ப்பு செல்கள் இவற்றைத் துப்புரவு செய்துவிடும். வயதாக வயதாக அந்தத் துப்புரவு மந்தமாகும். தங்கிவிட்ட கிழட்டு செல் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுற்றிலும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஜூடித் காம்பிசியின் குழு 2008-ல் இதை விரிவாக விளக்கியது. பக்கத்து செல்லும் கெடும். மூட்டுத் தேய்மானம், ரத்தக்குழாய் அடைப்பு, நுரையீரல் தழும்பு என்று வயதோடு வரும் பல நோய்களில் இவற்றின் கை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒரு செல்லில் புற்றுநோயைத் தடுத்த அதே ஏற்பாடு, நாள்பட்டால் அக்கம்பக்கத்தில் புற்றுநோய் வளர உதவவும் கூடும்.

2011-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிழட்டு செல்களை மட்டும் நீக்கும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு முதுமைக் கோளாறுகள் தள்ளிப்போயின. 2016-ல் சாதாரணமாக வயதாகும் எலிகளிலும் ஆயுள் நீண்டது. 2015-ல் டசாட்டினிப் என்ற ரத்தப்புற்று மருந்தும், வெங்காயத்தில் இருக்கும் குவெர்சிட்டினும் சேர்ந்து இத்தகைய செல்களைக் கொல்வதைக் கண்டார்கள். 2019-ல் நுரையீரல் தழும்பு நோயுள்ள 14 பேரிடம் முதல் சிறு சோதனை நடந்தது. மனிதருக்கு இளமை தரும் மாத்திரை இன்னும் வரவில்லை. விளம்பரங்களை நம்ப வேண்டாம்!

மணலில் வாழ்கிறவர்கள்

இப்போது கடற்கரைக்குத் திரும்பலாம்.

உலகில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு பெறுகிறார். கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியின் கடலோர ஊர்களில் வெளிப்புற அளவு மட்டுமே பாதி இடங்களில் 4 மில்லிகிரேயைத் தாண்டும். சில இடங்களில் 70 வரை போகும். (இந்தக் கதிர்வீச்சைப் பொறுத்தவரை கிரேயும் சீவர்ட்டும் ஏறத்தாழ ஒரே அளவு என்று கொள்ளலாம்.) சீனாவின் யாங்ஜியாங், ஈரானின் ராம்சர், பிரேசிலின் குவாராபரி போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களே உலகில் இந்தப் பட்டியலில் உண்டு. அதனால் 1950களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களே இந்தக் கரை மக்களை ஆராய வேண்டும் என்றார்கள்.

முதலில் ஆராயப்பட்டவை எலிகள். ஹான்ஸ் குரூனபெர்க் தலைமையிலான குழு மோனசைட் கரையில் வளை தோண்டி வாழும் எலிகளையும் மற்ற இடத்து எலிகளையும் பிடித்து எலும்பு, பல் எல்லாம் அளந்தது. 1966-ல் வெளியான அறிக்கையில் கதிர்வீச்சின் விளைவு என்று சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

பத்து வருடம் கழித்துக் கவலை வந்தது. டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளையும் உடன் இருந்தவர்களும் கேரளக் கரையில் டவுன் சிண்ட்ரோம் கூடுதலாக இருக்கிறது என்று 1976-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தாயின் வயது, ஒப்பிட எடுத்துக்கொண்ட ஊர் பற்றியெல்லாம் மற்றவர்கள் கேள்வி எழுப்பினார்கள். சர்ச்சை ஓயவில்லை. ஆனால் அந்தச் சர்ச்சையால் ஒரு நன்மை நடந்தது. சின்ன எண்ணிக்கை போதாது, பெரிய கணக்கெடுப்பு வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

1990-ல் கருநாகப்பள்ளியில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தினர் வீடு வீடாகப் போய்க் கதிர்வீச்சை அளந்தார்கள். 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் பின்தொடர்ந்தார்கள். 2005 முடிய அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனால் கதிர்வீச்சு கூடிய வீட்டில் புற்றுநோயும் கூடியதா என்றால், கூடவில்லை. 2009-ல் இந்த முடிவு வெளியானது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 1995 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பிறவிக் குறைபாடும் கதிர்வீச்சோடு சேர்ந்து ஏறவில்லை.

அதே 2009 டிசம்பரில் பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவரும் டெலோமியருக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கினார்கள். அதே மாதம் இன்னொரு கட்டுரை வந்தது. பாபா மையத்தின் பிரஜலட்சுமி தாஸும் உடன் இருந்தவர்களும் கேரள மோனசைட் கரையில் வாழ்பவர்களின் ரத்த செல்களில் டெலோமியரை அளந்து, சாதாரண ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். கேள்வி இதுதான்: மணல் இவர்களுக்குத் தேய்மானத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறதா?

பதில், இல்லை. கதிர்வீச்சால் டெலோமியர் குறிப்பிடும்படி குறையவில்லை. 2012-ல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே முடிவு. 2016-ல் டி.என்.ஏ.வின் இரட்டை இழை முறிவுகளை எண்ணினார்கள். அங்கும் கூடுதல் இல்லை.

எப்படி? வேகம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஹிரோஷிமாவில் ஒரு நொடியில் விழுந்த அடியும் இங்கு ஒரு ஆயுள் முழுக்கச் சொட்டும் அடியும் ஒன்றல்ல. கதிர்வீச்சே இல்லாவிட்டாலும் மூச்சு விடுவதாலேயே ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.வும் தினமும் ஆயிரக்கணக்கான முறை சேதப்படுகிறது. பழுதுபார்க்கும் புரதங்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரே நாளில் பெய்தால் கரையை உடைக்கும் மழை, வருடம் முழுக்கத் தூறினால் குளத்துக்குள் அடங்கிவிடுவதுபோல.

பயம் வேண்டாமா?

இத்தோடு கட்டுரையை முடித்தால் நல்ல செய்தியாக இருக்கும். ஆனால் நியாயமாக இருக்காது.

முதல் விஷயம், மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் நடந்தது கருநாகப்பள்ளியை ஒட்டிய கேரளக் கரையில். 1956-ல் போட்ட மாநிலக் கோட்டுக்குத் தெற்கே, ஷோம்பர்க் முதலில் வந்து நின்ற கரையில் அல்ல. மணலும் தோரியமும் ஒன்றுதான். ஆனால் சாப்பாடு, புகைப்பழக்கம், தொழில், வருமானம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்து இந்த வீட்டுக்காரருக்கு மருந்து எழுத முடியாது.

இரண்டாவது, உலகில் எல்லா ஆய்வும் ஒரே பக்கம் பேசவில்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க நாடுகளின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுசக்தி ஊழியர்களை வைத்து 2015-ல் வந்த ஆய்வு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் கதிர்வீச்சும் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது என்றது. 2023-ல் வந்த அதன் தொடர்ச்சியும் அதையே சொன்னது. இரண்டு பக்கமும் பெரிய ஆய்வுகள்தான். விவாதம் முடியவில்லை.

மூன்றாவது, மணலோடு வாழ்வதும் மணலைத் தோண்டுவதும் ஒன்றல்ல. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2024-ல் கடலோர ஊர்கள் கொதித்தன. அந்த மக்கள் கேட்பது கதிர்வீச்சு பற்றி மட்டும் அல்ல. கரை அரிக்குமா, வள்ளம் இறக்க இடம் இருக்குமா, வீடு நிற்குமா, வேலை யாருக்கு என்றும் கேட்கிறார்கள். டெலோமியர் தேயவில்லை என்ற ஆய்வு இந்தக் கேள்வி எதற்கும் பதில் ஆகாது. அதைக் காட்டி மணல் எடுப்பது தவறு. அந்த ஆய்வே நடக்காததுபோல, கரையில் பிறந்த பெண்ணைக் கட்டினால் பிள்ளைக்குக் குறை வரும் என்று பேசுவதும் தவறு. இரண்டுமே கிடைத்த உண்மையை மறைப்பவை.

1909-ல் தும்போடு ஒட்டிக்கொண்டு போன ஒரு சிட்டிகை மணல், விளக்கு, பெயிண்ட், அணு என்று விலை போயிற்று. ஒவ்வொரு முறையும் மணலின் மதிப்பைத்தான் உலகம் கணக்குப் பார்த்தது. அதன்மேல் குடியிருந்தவர்களின் உடம்பைக் கணக்குப் பார்க்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பார்த்தபோது அந்த உடம்பின் செல்கள் எதிர்பார்த்ததைவிட உறுதியாக இருந்தன. அதே கணக்கை அதே அக்கறையோடு மணவாளக்குறிச்சி, குளச்சல், மிடாலம் கரைகளிலும் வீடு வீடாக எடுத்து, முடிவைத் தமிழில் மக்கள் கையில் கொடுத்தால் பாதிப் பயமும் பாதி வதந்தியும் குறையும்.

அடுத்த முறை கன்னியாகுமரியில் அந்த மூன்று நிற மணல் பாக்கெட்டை வாங்கினால் தைரியமாக ஷோகேஸில் வைக்கலாம். கதை கேட்கும் பிள்ளைகளுக்கு நாரதர் கூவியதையும் சொல்லலாம், ஹேஃப்ளிக் எண்ணியதையும் சொல்லலாம். வயதே ஆகாதது அம்மன் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் தேய்மானம் உண்டு. ஆனால் அதைக் கூட்டுவது மணலா வேறெதுவுமா என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.